சார்லி மரியானோ: சாக்ஸபோனிலிருந்து நாதஸ்வரத்துக்குப் போனவர்

சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்த ஓர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் நம்முடைய நாதஸ்வரத்தையும் கற்று வாசித்தாராமே, அது உண்மையா, யார் அவர், அந்த வாசிப்பு தேறுமா, எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். அவர் பெயர் சார்லி மரியானோ. தேறுமா என்பதற்குப் பதில் கொஞ்சம் நீளும். தோடி ராகத்தை ஒரு மணி நேரம் ஆலாபனை செய்கிற வித்வானாக அவர் ஆகவில்லை. அப்படி ஆனார் என்று சொல்கிறவர்கள் பெருமையில் மிகைப்படுத்துகிறார்கள். நாதஸ்வரம் அவருடைய சாக்ஸபோனுக்குள் புகுந்து என்ன செய்தது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை கேட்கத் தகுந்த கதை. அதற்கு அவருடைய வாழ்க்கையை முன்னாலிருந்து சொல்ல வேண்டும். ஏனென்றால் நாதஸ்வரத்தைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஜாஸில் அதற்குள் ஒரு முழு ஆட்டம் ஆடி முடித்திருந்தார்.

பிறந்தது 1923 நவம்பர் 12, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். வைத்த பெயர் கார்மைன் ஊகோ மரியானோ. சிறுவயதில் பியானோ கற்றார். சாக்ஸபோன் கைக்கு வந்தது பதின்வயதின் கடைசியில்தான். நம்மூரில் ஐந்து வயதில் பாடம் தொடங்கி, பதினெட்டு வயதில் கச்சேரி செய்யாவிட்டால் கவலைப்படுவார்கள். இவர் அந்த வயதில்தான் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது ராணுவத்தில் சேர்ந்து, அங்கே இசைக்குழுவில் வாசித்தார். அந்தச் சமயத்தில் ஜாஸின் போக்கையே மாற்றிய சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் வாசிப்பு காதில் விழுந்தது. ஆல்டோ என்ற நடுத்தர அளவு சாக்ஸபோனை வாசித்த அந்தத் தலைமுறைக்காரர்கள் எல்லோருக்கும் நேர்ந்தது இவருக்கும் நேர்ந்தது. பார்க்கரைக் கேட்ட பிறகு அவரைப்போல வாசிக்காமல் இருப்பதே பெரும்பாடு.

போர் முடிந்து பாஸ்டனுக்குத் திரும்பி ஷில்லிங்கர் ஹவுஸ் என்ற இசைப்பள்ளியில் படித்தார். பின்னாளில் பர்க்லி இசைக் கல்லூரி என்று உலகப் புகழ் பெற்றது அதுதான். 1950களின் தொடக்கத்தில் பாஸ்டன் நண்பர்களோடு சொந்தப் பெயரில் ஒலிப்பதிவுகள் செய்தார். 1953இல் ஸ்டான் கெண்டனின் பெரிய இசைக்குழுவில் சேர்ந்தார். கெண்டனின் குழு என்றாலே பித்தளைக் கருவிகளின் முழக்கம். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒற்றை ஆல்டோ எழுந்து நிற்பது சாதாரண வேலை இல்லை. 1955இல் பதிவான 'கான்டெம்பரரி கான்செப்ட்ஸ்' தொகுப்பில் 'ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்' என்ற பாட்டு இருக்கிறது. பில் ஹோல்மன் அமைத்த வடிவம். அதில் மரியானோ வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை இன்றும் சாக்ஸபோன் மாணவர்கள் பாடமாக எடுத்துக் கேட்கிறார்கள். பார்க்கரின் வேகம் இருக்கிறது. அதோடு பார்க்கரிடம் இல்லாத ஓர் இழுவை, ஸ்வரத்தின் விளிம்பில் லேசாக அழுகிற ஒலி, அப்போதே இருக்கிறது. அந்த இழுவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சில காலம் லாஸ் ஏஞ்சல்ஸில் டிரம்ஸ் கலைஞர் ஷெல்லி மானின் குழுவில் இருந்தார். பிறகு மறுபடி பாஸ்டன், பர்க்லியில் ஆசிரியர் வேலை. அங்கேதான் தோஷிகோ அகியோஷியைச் சந்தித்தார். பர்க்லியில் படிக்க வந்த முதல் ஜப்பானிய மாணவி அவர். வலுவான பியானோ கலைஞர், பின்னாளில் பெரிய இசைக்குழு ஒன்றின் தலைவி. 1959இல் திருமணம். இருவரும் சேர்ந்து நால்வர் குழு நடத்தினார்கள், ஜப்பானிலும் வாழ்ந்தார்கள். 1963இல் மகள் மிச்சிரு பிறந்தார். மண்டே மிச்சிரு என்ற பெயரில் பாடகியான அவர் புல்லாங்குழலும் வாசிப்பார். 1967இல் தம்பதி பிரிந்தார்கள். மரியானோவின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தப் பகுதியை இரண்டு வரியில் கடந்துபோவது வழக்கம். அது சரியில்லை என்று நினைக்கிறேன். அமெரிக்காவுக்கு வெளியே குடும்பம் நடத்தி, வேறு மொழி பேசும் ஊரில் வாசித்துப் பழகியவர் என்பதால்தான் அடுத்து வந்ததெல்லாம் அவருக்குச் சாத்தியமாயிற்று.

இதற்கு நடுவே, பேஸ் கலைஞரும் இசையமைப்பாளருமான சார்லஸ் மிங்கஸ். மரியானோ வாசித்த ஒரே ஒரு தொகுப்பைக் கேட்டிருக்கிறேன் என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' ஆகத்தான் இருக்கும். 1963 ஜனவரி 20ஆம் தேதி நியூயார்க்கில் பதினோரு பேர் கொண்ட குழுவோடு மிங்கஸ் அதைப் பதிவு செய்தார். ஒரே நீண்ட நாட்டிய இசை மாதிரி ஓடுகிற படைப்பு. வேகம் கூடிக்கொண்டே போகும், கலைந்து விழும், மறுபடி எழும். பியானோவில் ஜாக்கி பயார்ட், டிரம்ஸில் டேனி ரிச்மண்ட். ஃபிளமெங்கோ சாயலில் ஒரு கிதார். இத்தனைக்கும் மேலே ஆல்டோ சாக்ஸபோனில் மரியானோ கதறுகிறார். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவு முடிந்த பிறகும் சில பகுதிகளை மிங்கஸ் மேலே சேர்த்துப் பதிந்தார். ஜாஸில் அந்தக் காலத்தில் அப்படிச் செய்வது அபூர்வம், சிலருக்கு அது பிடிக்கவும் இல்லை. எனக்கு அதில் புகார் இல்லை. கறுப்பின மக்களின் வலியையும் கோபத்தையும் இசையாக்கிக்கொண்டிருந்த மிங்கஸ், தன் படைப்பின் மையக் குரலாக ஓர் இத்தாலிய வம்சாவளி வெள்ளைக்காரரின் ஆல்டோவை வைத்தார் என்பதே அந்த ஒலியின் எடைக்குச் சாட்சி.

அதே 1963இல் மெக்காய் டைனரின் நியூபோர்ட் விழா ஒலிப்பதிவில் மரியானோ வாசித்தார். 1965இல் எல்வின் ஜோன்ஸின் 'டியர் ஜான் சி.' தொகுப்பிலும் அவர்தான் ஆல்டோ. இந்த இரண்டு பெயர்களும் எதற்கு முக்கியம் என்றால், இருவரும் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் பியானோவும் டிரம்ஸும் வாசித்தவர்கள். ஜாஸில் அப்போது ஒரு திருப்பம் நடந்துகொண்டிருந்தது. பார்க்கர் காலத்தில் பாட்டின் அடியில் கார்டுகள் (chords), அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், வேகமாக மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அவற்றைத் துரத்தி ஓட வேண்டும். கோல்ட்ரேன் தலைமுறை ஒரே ஆதார ஸ்வரத்தின் மேல், ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் நிற்கத் தொடங்கியது. சுருதியில் நின்று ராகத்தை விரிக்கிற காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கோல்ட்ரேனே இந்திய இசையை ஆவலோடு கேட்டவர். ஆக, மரியானோ நாதஸ்வரத்தைச் சந்தித்தபோது அவர் காது பாதி தயாராகவே இருந்தது.

அந்தச் சந்திப்பு நடந்தது தஞ்சாவூரிலும் இல்லை, சென்னையிலும் இல்லை; கோலாலம்பூரில். 1967 வாக்கில் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் மலேசிய வானொலியின் இசைக்குழுவுக்குப் பயிற்சி தர அவர் அங்கே போனார். பனிப்போர்க் காலத்தில் ஜாஸ் கலைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புவது அமெரிக்க அரசின் வழக்கமான வேலை. டிஸ்ஸி கில்லெஸ்பி, டேவ் புரூபெக், டியூக் எலிங்டன் என்று பலரை அப்படித்தான் அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் சில வாரம் சுற்றிவிட்டு, சில மெட்டுகளை மனதில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மரியானோ மாதக்கணக்கில் தங்கினார். கற்றுக்கொடுக்கப் போனவர் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார்.

மலேசியாவில் நாதஸ்வரம் எப்படி என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கும் ரயில் வேலைக்கும் போன தமிழர்கள் கோவிலையும் கூடவே கொண்டுபோனார்கள். கோவில் போன இடத்துக்கு மேளம் போகாமல் இருக்குமா? மரியானோ அதைக் கேட்டார், அங்கேயே ஓர் ஆசிரியரிடம் பாடம் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்து, 1970களின் தொடக்கத்தில், தென்னிந்தியாவுக்கே வந்து சில மாதங்கள் தங்கிக் கற்றார்.

ஒரு தேர்ந்த சாக்ஸபோன் கலைஞர் நாதஸ்வரத்தைக் கற்பது எவ்வளவு கடினம் என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்டால், சும்மா வேடிக்கைக்கு ஒரு கருவியைத் தூக்கினார் என்று தோன்றிவிடும்.

ஒற்றுமையிலிருந்து தொடங்கலாம். இரண்டும் கூம்பு வடிவக் குழல்கள்: வாய்ப்பக்கம் குறுகி அடிப்பக்கம் விரியும். அதனால் இரண்டிலுமே காற்றை அழுத்திக் கொடுத்தால் அதே விரல்நிலையில் மேல் ஸ்தாயி பேசும். குறிப்பாக சோப்ரானோ சாக்ஸபோன், நேராக நீட்டிப் பிடித்தால் பார்வைக்கே நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். ஒற்றுமை அதோடு முடிந்தது.

சாக்ஸபோனில் வாய்க்குள் போவது ஒரு கெட்டியான வாய்முனை. அதில் ஒற்றை நாணல் தகடு கட்டியிருக்கும். மேல்பற்கள் வாய்முனையின் மேல் ஊன்றி நிற்கும், கீழுதடு தகட்டைத் தாங்கும். நாதஸ்வரத்தில் சீவாளி. பதப்படுத்திய நாணலில் இரண்டு மடலாகச் செய்தது, கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் செருகி நிற்கும். பற்களுக்கு அங்கே வேலை கிடையாது. இரண்டு உதடுகளும்தான் பிடிக்க வேண்டும், இறுக்க வேண்டும், தளர்த்த வேண்டும். இருபது வருஷம் ஒரு மாதிரி பழகிய வாய்த் தசைகளை அவிழ்த்து வேறு மாதிரி கட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று எந்தக் குழல் கலைஞரையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது விரல். சாக்ஸபோனில் இருபதுக்கும் மேற்பட்ட சாவிகள். அரை ஸ்வரம் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு சாவி இருக்கும், அமுக்கினால் கச்சிதமாக வரும். நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள் மட்டுமே. கீழே இருக்கும் பிரம்ம ஸ்வரத் துளைகள் விரலுக்கானவை இல்லை; மெழுகு வைத்துச் சுருதி திருத்த. ஆக, சாவி கொடுக்கிற அரை ஸ்வரத்தை இங்கே மூச்சாலும் உதட்டாலும் துளையைப் பாதி மூடுவதாலும் உண்டாக்க வேண்டும். இதை வேறு விதமாகச் சொன்னால், இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே சாக்ஸபோனில் ஒரு படி இருக்கிறது. நாதஸ்வரத்தில் அது சரிவு. ஸ்வரத்தை அசைத்து இழைக்கிற கமகம் பிறப்பது அந்தச் சரிவில்தான்.

மரியானோவிடம் முன்பே இருந்த அந்த இழுவைக்கு இதுதான் தேவைப்பட்டது என்பது என் கட்சி. கெண்டன் காலத்தில் ஒரு ஸ்வரத்தை அடைவதற்கு முன்னால் லேசாக வழுக்கி ஏறுவார். மிங்கஸிடம் அது கதறலானது. இரண்டுமே உணர்ச்சி முட்டும்போது தானாக வந்தவை. நாதஸ்வரம் அந்த வழுக்கலுக்கு ஓர் இலக்கணம் உண்டு என்று காட்டியது: எந்த ஸ்வரத்தை எங்கிருந்து எங்கே அசைக்கலாம், எதை அசைக்காமல் நிறுத்த வேண்டும் என்று. 1970களுக்குப் பிறகு அவர் சாக்ஸபோனில் ஒரு நீண்ட ஸ்வரத்தை எடுத்தால், அது நேராக நிற்பதும் அசைவதும் எதேச்சையாக இல்லை.

ஊர் திரும்பிய பிறகு 1971 வரை பர்க்லியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். நடுவில் ஆஸ்மோசிஸ் என்ற ராக் கலந்த குழுவில் தன்னைவிட மிக இளைய பையன்களோடு சேர்ந்து 1970இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். நாற்பத்தேழை நெருங்கிய பேராசிரியர் ராக் குழுவில். சகாக்கள் என்ன நினைத்திருப்பார்களோ! பிறகு ஐரோப்பாவுக்குப் போனார். கடைசிவரை அங்கேதான்.

ஏன் ஐரோப்பா என்பதற்குப் பெரிய மர்மம் இல்லை. 1970களின் ஜெர்மனியில் வானொலி நிலையங்களும் சிறு இசைத்தட்டு நிறுவனங்களும் விழாக்களும் புது முயற்சிகளுக்குக் காசு கொடுத்தன. ராக், ஜாஸ், இந்திய இசை, அரபு இசை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கிற இளைஞர்கள் இருந்தார்கள். மியூனிக்கின் எம்பிரியோ குழு அப்படிப்பட்டது. 1973இல் வந்த அவர்களுடைய 'வீ கீப் ஆன்' தொகுப்பில் மரியானோ ஆல்டோ, சோப்ரானோ சாக்ஸபோன்களோடு நாதஸ்வரமும் மூங்கில் குழலும் வாசிக்கிறார். எலெக்ட்ரிக் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே நாதஸ்வரம் சற்றும் அடங்காமல் ஒலிக்கும். திறந்த வெளியில் தவிலோடு போட்டி போடப் பிறந்த கருவிக்கு ஆம்ப்ளிஃபயர் எல்லாம் எம்மாத்திரம்?

அடுத்த ஆண்டு போர்க் பை என்ற குழு. ஹாலந்தின் கீபோர்டு கலைஞர் யாஸ்பர் ஃபான்ட் ஹோஃப், பெல்ஜியத்தின் கிதார் கலைஞர் பிலிப் கேத்தரின் ஆகியோரோடு. 1976இல் 'ஹெலன் 12 ட்ரீஸ்'. இதில் கிரீம் என்ற ராக் குழுவின் ஜாக் புரூஸ் பேஸ் கிதார், யான் ஹாமர் கீபோர்டு. நட்சத்திரக் கூட்டம்தான், ஆனாலும் எனக்கு அதைவிட எபர்ஹார்ட் வெபரோடு செய்தவைதான் நெருக்கம்.

வெபர் ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த பேஸ் கலைஞர். அவருடைய கலர்ஸ் குழுவுக்காக 1975இல் பதிவான 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தொகுப்பில் மரியானோ சோப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாதஸ்வரம் மூன்றும் வாசிக்கிறார். இங்கே நாதஸ்வரத்தை வைத்திருக்கும் விதம் எம்பிரியோவுக்கு நேர் எதிர். ரைனர் புரூனிங்ஹௌஸின் கீபோர்டு நீண்ட ஸ்வரக் கூட்டுகளைப் பரப்பி வைக்கிறது. நாதஸ்வரத்தோடு ஆதார சுருதியை மட்டும் விடாமல் ஊதும் ஒத்து என்ற குழலின் வேலையை அது கிட்டத்தட்டச் செய்கிறது. அதன் மேல் இரட்டை நாணல் குழல்கள் மெதுவாக, அவசரமில்லாமல் வருகின்றன. கர்நாடக இசை ரசிகருக்கு இது ராகமாகப் படாது. எந்த ராகம் என்று தேடினால் எரிச்சல்தான் மிஞ்சும். அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, குழலின் குரலை மட்டும் கேளுங்கள்.

1977இல் அதே குழுவின் 'சைலன்ட் ஃபீட்' தொகுப்பில் நாதஸ்வரம் இல்லை, சோப்ரானோவும் புல்லாங்குழலும்தான். நீங்கள் புல்லாங்குழலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். ஜாஸில் சாக்ஸபோன்காரர்கள் புல்லாங்குழலும் வாசிப்பது பெரிய அதிசயமில்லை. பெரிய குழுக்களிலும் சினிமா ஸ்டூடியோக்களிலும் வேலை கிடைக்க வேண்டுமானால் இரண்டு மூன்று ஊதுகருவிகள் தெரிந்திருக்க வேண்டும். கௌண்ட் பேசியின் குழுவில் ஃபிராங்க் வெஸ் புல்லாங்குழலுக்கு ஜாஸில் ஒரு மரியாதையை வாங்கிக் கொடுத்தார். எரிக் டால்ஃபியும் யூசெஃப் லத்தீஃபும் அதைத் தனிக் கலையாகவே ஆக்கினார்கள். அந்த வரிசையில் மரியானோவைச் சேர்க்க மாட்டேன். அவருடைய புல்லாங்குழலில் வித்தைகள் குறைவு. ஆல்டோவில் உரக்கச் சொல்ல முடியாததைச் சொல்ல அதை வைத்திருந்தார், அளவாக எடுத்தார். அந்த அளவுதான் 'ஜோதி' என்ற தொகுப்பில் அழகாகப் பொருந்தியது.

'ஜோதி' 1983இல் வந்தது. நீங்கள் தமிழர், கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர் என்றால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கூட வாசிப்பவர்கள் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவினர்: பாட்டு ஆர்.ஏ. ரமாமணி, மிருதங்கம் டி.ஏ.எஸ். மணி, கடம் ஆர்.ஏ. ராஜகோபால், கஞ்சிரா டி.என். சசிகுமார். கார்டு வாசிக்க ஆளே இல்லை. பியானோ இல்லை, கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. தம்பூரா, தாளம், குரல், மரியானோவின் சோப்ரானோவும் புல்லாங்குழலும். ஒரு ஜாஸ்காரர் தான் சாய்ந்துகொள்ளும் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கலப்பிசை என்ற பெயரில் நாம் கேட்கிற பலவற்றில் ஒருவர் தன் வழக்கமான சரக்கை வாசிக்க, இன்னொருவர் பக்கத்தில் தன் வழக்கமான சரக்கை வாசிப்பார். கடைசியில் இருவரும் வேகமாக ஏதோ ஒன்றை ஒன்றாக முடிப்பார்கள், கைதட்டல் விழும். 'ஜோதி' அந்த வகையில்லை. ரமாமணியின் குரலுக்குப் பின்னால் மரியானோ பக்கவாத்தியக்காரர் மாதிரி நிழலாகப் போகிற இடங்கள் உண்டு. தாளச் சொற்கட்டுகளைச் சொல்லிக் காட்டும் கொன்னக்கோலுக்கு நடுவே வாயைத் திறக்காமல் இருக்கிற இடங்களும் உண்டு. பிறகு அவர் முறை வரும்போது சோப்ரானோ பேசுகிறது. பெரிய சங்கதிகள் இல்லை. பிடிகளைச் சுருக்கமாக வைக்கிறார். ஆனால் கார்வையில், அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டி, நிற்கும்போது நாதஸ்வரம் பழகிய ஆள் என்பது தெரிந்துவிடும். நாதஸ்வரத்தைக் கையில் எடுக்காத இந்தத் தொகுப்பில்தான் அவர் நாதஸ்வரத்தை மிக நன்றாக வாசித்தார் என்று நான் வாதாடுவதுண்டு. நண்பர்கள் சிரிப்பார்கள்.

இந்த இடத்தில் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவது இயல்பு. 'டூயட்' படம் வந்த பிறகு சாக்ஸபோன் என்றாலே தமிழ்நாட்டில் அவர் முகம்தான். இருவரும் ஒரே பாதையில் எதிரெதிராக நடந்தவர்கள். கோபால்நாத்தின் அப்பா நாதஸ்வரக் கலைஞர்; மகனும் அதில்தான் தொடங்கினார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்மேல் ஆசைப்பட்டு, கருவியில் சில மாற்றங்களும் செய்து, அதைக் கர்நாடக இசைக்குள் முழுதாகக் கொண்டுவந்தார். 1980இல் மும்பை ஜாஸ் யாத்ரா விழாவில் ஜான் ஹேண்டி என்ற அமெரிக்க ஆல்டோ கலைஞரோடு மேடையேறினார். கோபால்நாத் இலக்கணத்தை மாற்றவில்லை, கருவியை மாற்றினார். மரியானோ கடைசியில் சாக்ஸபோனுக்கே திரும்பினார். அவர் கொண்டுபோனது இலக்கணத்தில் ஒரு பங்கு. கோபால்நாத் அளவுக்கு ராகத்துக்குள் மரியானோ போனாரா என்றால் இல்லை, பக்கத்தில்கூட வர முடியாது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

'ஜோதி'யோடு அந்த நட்பு முடியவில்லை. பெங்களூர்க் குழுவோடு பல ஆண்டுகள் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். கொலோன் நகரில் குடியேறிய பிறகு அங்கே சென்னைக்காரர் ஒருவரும் கிடைத்தார்: ரமேஷ் ஷோதம். ஒரு காலத்தில் ஹ்யூமன் பாண்டேஜ் என்ற இந்திய ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பிறகு தவிலும் கடமும் கற்று ஜெர்மனியில் குடியேறினார். ஊத் என்ற அரபுத் தந்திக்கருவியை வாசிக்கும் லெபனான் கலைஞர் ரபீ அபூ கலீலின் 'புளூ கேமல்' தொகுப்பில் (1992) மரியானோவும் ஷோதமும் சேர்ந்து வாசிக்கிறார்கள். அரபு இசையின் கால் ஸ்வரங்களுக்குள் மரியானோவின் ஆல்டோ வழுக்கிப் போவதைக் கேட்டால், கோலாலம்பூரில் தொடங்கிய பாடம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும்.

யுனைடெட் ஜாஸ் அண்ட் ராக் ஆன்சாம்பிள் என்ற பெரிய குழுவிலும் 1970களின் நடுவிலிருந்து நெடுங்காலம் இருந்தார். ஜெர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகத் தொடங்கிய குழு அது. கென்னி வீலர், ஆல்பர்ட் மாங்கல்ஸ்டார்ஃப், பார்பரா தாம்சன் என்று ஐரோப்பாவின் தலைகள் எல்லாம் இருந்தார்கள். அவருக்கு ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு பெயர் வாங்கித் தந்தது அநேகமாக அதுதான். கேட்க ஜாலியாக இருக்கும். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

1990களின் நடுவில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் வாசித்தார். இந்தக் கடைசிக் கட்டத்தில் ஷெனாயும் நாதஸ்வரமும் பின்னுக்குப் போய்விட்டன; ஆல்டோவும் பழைய ஜாஸ் மெட்டுகளும் முன்னுக்கு வந்தன. 2000களின் தொடக்கத்தில் வந்த 'டீப் இன் எ டிரீம்' மெதுவான காதல் பாட்டுகள் நிறைந்தது. 1955இன் 'ஸ்டெல்லா'வோடு இதை அடுத்தடுத்துக் கேட்டால் அதே ஆள், அதே கருவி. முன்பு பத்து ஸ்வரம் வைத்த இடத்தில் இப்போது இரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற சரிவு பாஸ்டனில் கற்றது இல்லை. 2008இல் ஸ்டுட்கார்ட்டில் பழைய நண்பர்கள் கேத்தரினோடும் ஃபான்ட் ஹோஃபோடும் டிரம்ஸே இல்லாமல் மூவராக வாசித்தார். 2009 ஜூன் 16ஆம் தேதி கொலோனில் காலமானார். வயது 85.

இவ்வளவு செய்தவரை ஏன் பரவலாகத் தெரியவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். அமெரிக்க ஜாஸ் வரலாறு நியூயார்க்கில் எழுதப்படுகிறது. ஊரைவிட்டுப் போனவர்களை அது சீக்கிரம் மறந்துவிடும். போதாததற்கு இவர் ஒரு கருவி, ஒரு பாணி, ஒரு குழு என்று நிலையாக இருக்கவில்லை. கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாத இசைத்தட்டுகள் விற்பது கஷ்டம். நம் பக்கத்திலும் அவரைக் கொண்டாட யாரும் முன்வரவில்லை. கர்நாடக இசை விமரிசகர்களுக்கு அவர் வித்வான் இல்லை, சினிமா ரசிகர்களுக்கு அவர் பாட்டு எதுவும் தெரியாது.

எதிலிருந்து தொடங்குவது என்றால், முதலில் 'ஜோதி'. அடுத்து உடனே 'பிளாக் செயின்ட்'. இருபது வருஷ இடைவெளி உள்ள இந்த இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் ஆளின் அகலம் பிடிபடும். பிறகு 'யெல்லோ ஃபீல்ட்ஸ்', 'வீ கீப் ஆன்' இரண்டிலும் நாதஸ்வரம். எம்பிரியோவின் ராக் சத்தம் ஒத்துவராவிட்டால் அதைத் தாண்டி 'புளூ கேமல்' போய்விடலாம். 'ஹெலன் 12 ட்ரீஸ்' கடைசியில் போதும். நாதஸ்வரப் பகுதிகளைத் தயவுசெய்து கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். அந்தக் கருவியின் அடிக்குரல் முழுக்கக் காணாமல் போய், மேலே உள்ள கீச்சு மட்டும்தான் கேட்கும்.